பூரணி நிரப்பிய தோட்டா

1958 ஆகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணனின் குடைக்குள் மல்லாட்டைத் தோலை, பட்டணத்துப் பேச்சில் வேர்க்கடலைத் தோலை, அடைத்து வைத்திருந்தேன். ஆம்பூர் ஸ்டேஷன் ரோட்டில் தூறல் விழுந்ததும் விரித்தானாம். மாப்பிள்ளைக்கு அட்சதை போட்ட மாதிரி இருந்தது என்று என் சிநேகிதி தில்ஷாத் ஓடிவந்து சொன்னாள். பேர்தான் தணிகைவேல், ஆள் தணியவே மாட்டான். வந்ததும் ஜடையைப் பிடித்து இழுத்தான். "எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டு ஊட்ல குந்திக்கினு இதான் வேலையா உனக்கு?" இதுவும் ஒரு வேலை என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி சொன்னேன். இன்னொரு இழுப்பு.

நைனா வேலூரிலிருந்து வெறுங்கையோடு வந்தார். மலையடிக் கொல்லையில் பயிருக்குப் பன்றி வராமல் பார்த்துக்கொள்ளத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது. துப்பாக்கியும் இருக்கிறது. தோட்டா இல்லை. சீமைச் சரக்கு வருவது நின்றுபோய்விட்டதாம். கடைக்காரர், "மருந்து இருக்கு, ரவை இருக்கு, கேப்பு இருக்கு. தோட்டா மட்டும் கேக்காதீங்க" என்றாராம். துப்பாக்கியில் வெடிக்கிற தூளுக்கு மருந்து என்று பேர், அதைப் பற்றவைக்கிற குட்டி மூடிக்குக் கேப்பு. பன்றி மேல் பாய்கிற ஈய உருண்டைக்கு ரவை என்று பேர். மருந்தும் ரவையும் கிடைக்கிற இடம் ஆஸ்பத்திரியா, கிளப்புக் கடையா என்று கேட்டேன். நைனா சிரிக்கவில்லை. நைனா சிரிக்காத நாளில் வீட்டில் வெளிச்சம் கம்மி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராஜகோபால் மாமா வந்தார். மாமா என்றால் உறவு இல்லை, நிலத் தரகர். ஊரில் யார் நிலம் யாருக்குப் போகும் என்று நிலத்துக்குத் தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும்.

"பக்தவச்சலம், போன வருஷம் பன்னி தின்னது போக உனக்கு இன்னா மிஞ்சிச்சு? கொடிதான? தோல் ஷெட்காரங்க அந்தக் கொல்லையக் கேக்கறாங்க. தோல் காயப் போட நல்ல எடமாம். பன்னிக்கு வெள்ளாம வெக்கறதுக்கு அவங்களுக்குக் குடுத்துட்டு நிம்மதியா இரேன்."

நைனா வெகுநேரம் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இந்த மல்லாட்டையப் பாத்துட்டு சொல்றேன். இதுவும் பூட்டுச்சின்னா எழுதிக் குடுத்துடறேன்."

அந்தக் கொல்லை அம்மாவுடையது. தாத்தா கல்யாணத்தில் அம்மாவுக்கு எழுதி வைத்தது. அம்மா உள்ளேதான் இருந்தாள். அம்மா பேசாவிட்டால் பாத்திரங்கள் பேசும். இன்று சாயங்காலம் வரைக்கும் பேசின.

எனக்கு அந்தக் கொல்லை மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. களையெடுத்து முதுகு போனதுதான் எனக்கும் அதற்கும் உள்ள பந்தம். ஆனாலும் — அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சோற்றை அள்ளி வைத்ததைப் பார்த்தபிறகு பாதியில் எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஒரு பெட்டி வந்திருக்கிறது.

தில்ஷாத்தின் அப்பா அப்துல் சமத் பாய் ஜட்கா ஓட்டுகிறவர். யார் வீட்டில் என்ன சாமான் சும்மா கிடக்கிறது என்று அவர் குதிரைக்குக் கூடத் தெரியும். தோல் வியாபாரி முக்தார் அகமது சாயபு ஒரு காலத்தில் பெரிய வேட்டைக்காரர். காலித் தோட்டாவில் மருந்து நிரப்பித் திரும்பவும் தோட்டா ஆக்குகிற சாமான்களை ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தாராம். நைனா போய்க் கேட்டதும் கொடுத்துவிட்டார்.

"கண்ணு பேஜார் பண்ணுதுப்பா. இனிமே நான் சுட்டா மானுக்கு ஒண்ணும் ஆவாது, என் தம்பிக்குத்தான் ஆவும். எடுத்துக்கினு போ. சாமான் பழசு. ஆனா ஜாதிச் சாமான்."

ஜட்காவில் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கனத்தில் கால் மரத்துப்போனது. இறங்கும்போது நொண்டினேன். "பெட்டி வாங்கப் போனா பொண்ணு கால ஒடச்சிக்கினு வர்றீங்க" என்று அம்மா நைனாவைப் பிடித்துக்கொண்டாள். நான் கொஞ்சம் அதிகமாகவே நொண்டினேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெட்டியைப் பிரித்தோம். வெடித்துப்போன கேப்பைக் குத்தி எடுக்க ஒரு ஊசி, புதுக் கேப்பை அழுத்திப் பொருத்த ஒரு கைப்பிடி, மருந்து அளக்கப் பித்தளையில் சின்னக் கரண்டி, இடிக்க வழவழவென்று ஒரு மரக்கோல். இத்தனையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, குழந்தை மாதிரி.

அடியில் ஒரு எந்திரம். மேசையில் முடுக்குகிற மாதிரி, கைப்பிடி வைத்து, சுற்றினால் நைசாகச் சுற்றுகிறது. அம்மா கதவோரம் நின்று, "முறுக்கு புழியறதா?" என்றாள். அண்ணன் காப்பிக்கொட்டை அரைக்கிறது என்றான். நைனாவுக்குத்தான் சாயபு சொல்லியிருந்தார்: காகிதத் தோட்டாவின் வாயை மடித்து மூடுவதற்காம். எங்களிடம் இருப்பதெல்லாம் பழைய தோட்டாவின் பித்தளைக் கூடு. பித்தளையை மடிக்க முடியாது. ஆக, பெட்டியிலேயே அழகான சாமான் அதுதான், உதவாததும் அதுதான். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதற்குத் தணிகைவேல் என்று பேர் வைத்திருக்கிறோம் என்றேன். பந்தயக் குதிரை மாதிரி ஓடித் தப்பித்தேன்.

அம்மாவின் உத்தரவு: மருந்து வீட்டுக்குள் வரக் கூடாது. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில்தான் வேலை. பகலில் மட்டும். விளக்கு கிடையாது, நைனாவுக்கு பீடி கிடையாது.

நைனாவின் உத்தரவு: விரல் சின்னதாக இருப்பதால் கேப்பு பொருத்தவும் அடைக்கவும் நான்தான். ஆனால் மருந்து அளக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. "நீ பேசினா எனக்கு சிரிப்பு வந்துடும். சிரிச்சா கை ஆடும்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இது.

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் தோட்டா. கேப்பு பொருத்தியாச்சு. மருந்து போட்டாச்சு. மருந்துக்கு மேல் ஒரு வட்டு வைத்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் மருந்தும் ரவையும் கலந்துவிடும். பெட்டியிலேயே வட்டுகள் இருந்தன, கெட்டிக் கம்பளி மாதிரி. வைத்தேன். மேலே ரவை. அதற்கு மேல் மெல்லிய அட்டை. பெருமையோடு தூக்கிக் காட்டினேன், கொஞ்சம் சாய்த்துவிட்டேன். சளி பிடித்த குழந்தை மூக்கு மாதிரி ரவை ஒழுகிவிட்டது.

நைனா சைக்கிளில் சாயபு வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்தார். காகிதக் கூட்டின் சுவர் தடிமன், பித்தளையின் சுவர் மெல்லிசு. அதனால் பித்தளைக்குள் வாய் கொஞ்சம் பெரியது. பெட்டியில் உள்ள வட்டெல்லாம் காகிதத்துக்கு வெட்டினது. லொடலொடவென்று ஆடுகிறது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட கதை.

இனி நாங்களே வட்டு வெட்ட வேண்டும். எதில்?

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆம்பூரில் எதை அடைப்பதற்கும் தோல் உண்டு. உன் வாயை அடைக்கத்தான் இல்லை என்கிறாள் அம்மா.

செப்டம்பர் 14, ஞாயிறு

யோசிக்கவே தேவை இருக்கவில்லை. கதவுக்குக் கீல் தோல். பம்புக்கு வாஷர் தோல். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைச் சால் தோல், நைனா பெல்ட் தோல், முன்பெல்லாம் என் முதுகைத் தோலுரித்ததும் அதே தோல். இந்தப் பக்கத்தில் ஓட்டை என்றால் தோலை வெட்டி வைப்பார்கள், அவ்வளவுதான்.

அண்ணன் தோல் ஷெட்டில் கட்டுக் கட்டி லாரி ஏற்றுகிற இடத்தில் இருக்கிறான். ஓரம் வெட்டிக் கழித்த துண்டுகளை ஒரு கோணிப்பை நிறையக் கொண்டுவந்தான். வெள்ளையாக, மெத்தென்று, காயக் காய நல்ல கெட்டி. நைனா ஒரு இரும்புக் குழாய்த் துண்டை ஆசாரியிடம் கொடுத்து விளிம்பைக் கூர் தீட்டி வாங்கினார். தோலை மரக்கட்டையில் விரித்து, குழாயை வைத்து, சுத்தியலால் ஒரு போடு. வட்டு தயார். கூட்டுக்குள் கிண்ணென்று உட்கார்ந்தது.

காலையிலிருந்து போட்டுக்கொண்டே இருந்தேன். தில்ஷாத் வந்து பார்த்துவிட்டு, "பூரி, இன்னா இது, பொம்மைக்கு அப்பளம் போடறியா?" என்றாள். என்னைப் பூரி என்று கூப்பிடுகிற உரிமை உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான். அவளும் உட்கார்ந்து பொறுக்கிப் போட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் நிரப்பிய தோட்டாவை மத்தியானம் சுட்டுப் பார்த்தோம். மலையடியில் பாறைச் சரிவில் ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரம். எங்களையெல்லாம் நைனா பின்னால் தூரத்தில் நிற்கவைத்தார்.

வெடித்தது.

காதில் இன்னும் ஒரு வண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. தகரத்தைப் போய்ப் பார்த்தோம். சல்லடை. அம்மாவுக்கு மாவு சலிக்கக் கொண்டுபோகலாம் என்றேன். நைனா சிரித்தார். ரொம்ப நாள் கழித்து, பல் தெரிய.

"சீமைத் தோட்டா கெடக்கட்டும். இது பூரணி தோட்டா."

இருக்கிற கூடு அத்தனையும் நிரப்பி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தோம். நடுவில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நைனாவே கடைசியில், "உடம்பு சரியில்லயா?" என்று கேட்டார்.

அக்டோபர் 4, சனி

மூன்று நாளாக மழை. மல்லாட்டை காய் பிடித்துவிட்டது. கொல்லையின் மேல் ஓரத்தில் குளம்புத் தடம், ஒரு மூலை உழுத மாதிரி கிடக்கிறது. மாடில்லாமல், கூலியில்லாமல் உழுதிருக்கிறார்கள். நாளையிலிருந்து நைனா காவலுக்குப் போகிறார். டின் தயார்.

அக்டோபர் 6, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

நேற்றுப் பொழுது சாயும்போதே இறங்கிவிட்டதாம், குட்டிகளோடு ஒரு கூட்டம். நைனா சுட்டார். டிக். கேப்பு மட்டும் வெடித்தது. நைனா துப்பாக்கியைத் தரைப் பக்கம் சாய்த்து அப்படியே காத்திருந்திருக்கிறார். ஒன்றும் இல்லை. அடுத்தது போட்டார். அது புஸ்ஸென்று, நனைந்த பட்டாசு மாதிரி. ரவை எதிரிலேயே கொட்டியது. பன்றிகள் தலையைக் கூடத் தூக்கவில்லையாம். அப்புறம் விடிய விடிய தகரம் தட்டித்தான் விரட்டினார். இரண்டு பாத்தி போச்சு.

அண்ணன் சாப்பிடும்போது, "பூரணி தோட்டாவாம். பன்னிக்கு தும்மல்தான் வந்துச்சு" என்றான். நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவனே பயந்துபோய்த் தன் அப்பளத்தை என் தட்டில் வைத்தான்.

அக்டோபர் 7, செவ்வாய்

நான் எங்க தப்பு பண்ணேன்? கேப்ப சரியாத்தான் பொருத்தினேன். நைனாதான் அளந்தாரு. அன்னிக்கு வெடிச்சுதே, ஊரே அதிர்ற மாதிரி வெடிச்சுதே. அதே மருந்து, அதே ரவை, அதே கை. பேசக்கூட இல்ல. பேசாம செஞ்ச ஒரே வேல, அதுவும் இப்டியா ஆவணும்?

அக்டோபர் 9, வியாழன்

நைனா பகலில் ஒரு தோட்டாவைத் திறந்து பார்த்தார். மருந்து கட்டிகட்டியாக, ஈரம். கூட்டுக்குள்ளே பச்சைக் களிம்பு. மழையென்று சொன்னார். பிறகு கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். பிறகு, "பழைய சாமான வெச்சிக்கினு வேல செஞ்சா இப்டித்தான்" என்று பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டார்.

ஆனால் டின் நனையவில்லை. டின்னுக்குள் சொட்டு ஈரம் இல்லை. தோட்டாவுக்குள் மட்டும் எப்படி மழை பெய்தது?

தீபாவளி கழித்து வரச் சொல்லி ராஜகோபால் மாமாவுக்கு ஆள் போயிருக்கிறது. அம்மா இன்று பாத்திரம் உருட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்டோபர் 11, சனி

முழுசாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மிச்சத் தோல் வட்டுகள் ஒரு சட்டி நிறையக் கிடந்தன. பார்க்கப் பார்க்க ஆத்திரம். தும்மல் என்று சொன்னவனுக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது. வெல்லப்பாகு காய்ச்சி, ஒரு வட்டைப் போட்டுப் புரட்டி, மேலே எள் தூவி, மினுமினுக்கிற காகிதத்தில் சுற்றினேன். அண்ணன் வேலை முடிந்து வந்ததும், தில்ஷாத் வீட்டிலிருந்து வந்த ஆற்காட்டு மக்கன் பேடா என்று கொடுத்தேன்.

வாயில் போட்டான். மென்றான். மென்றான். தாடை நின்றது. மறுபடி மென்றான். நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். துப்பினான்.

"இன்னாடி பேடா இது. வெல்லம் போட்ட சரி. உள்ள எதுக்கு இவ்ளோ உப்பு?"

நான் உப்பு போடவில்லை.

சட்டியிலிருந்து ஒரு வட்டை எடுத்து நக்கினேன். கரித்தது. இன்னொன்று. அதுவும். பைத்தியம் பிடித்தவள் மாதிரி ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டு நின்றேன். அண்ணன் திட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "இன்னா பூரணி?"

"ண்ணா, இந்தத் துண்ட எங்கேர்ந்து எடுத்தாந்த?"

"ஊற வெக்கற தொட்டிக்குப் பக்கத்துல, ஓரம் வெட்டிக் குமிச்சிருந்தாங்க. சிப்பம் கட்டற எடத்துத் துண்டெல்லாம் கல்லாட்டம் இருந்துச்சு. இதுதான் மெத்துனு —" அங்கேயே நிறுத்திவிட்டான். முகம் தொங்கிப்போயிற்று. "உப்புல ஊறின தோலு. இன்னும் பதப்பட்டே முடியல."

மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்புப் பானை தானாகத் தண்ணீர் விடும். அதே உப்பை மருந்தின் தலை மேல் மூடியாக வைத்து அடைத்திருக்கிறோம். வெயில் நாளில் காலையில் அடைத்து மத்தியானம் சுட்டால் வெடிக்காமல் என்ன செய்யும். மழை நாளில் இரண்டு வாரம் வைத்தால் ஊறாமல் என்ன செய்யும்.

நைனா தொழுவத்தில் இருந்தார். ஓடிப்போய் ஒரு வட்டை நீட்டி, "நைனா, நக்கிப் பாருங்க" என்றேன். என் மூஞ்சியில் சிரிப்பு இல்லாததால் நக்கினார். வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோல் ஊர்ல பொறந்து —" என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல், பரணுக்கு ஏணியைச் சாத்தினார்.

அண்ணன் ராத்திரி சாப்பிடவில்லை. நாக்கு இன்னும் கரிக்கிறதாம். பாவம்தான். வரலாற்றில் இவ்வளவு பிரயோஜனமான பேடாவை யாரும் தின்றிருக்க மாட்டார்கள் என்று சமாதானம் சொன்னேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெட்டியிலிருந்த பழைய வட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். கம்பளியை மிதித்துக் கெட்டியாக்கிய மாதிரி. இதை எங்கேயோ தொட்டிருக்கிறேன், எங்கே? தில்ஷாத்திடம் காட்டினேன். முகர்ந்துவிட்டு, "இது நம்தா, பூரி. குதிர முதுகுல ஜீனிக்கு, அதான் சேணத்துக்கு, அடில போடறது" என்றாள். குதிரையைத் தொட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்துல் சமத் பாய் லாயத்திலிருந்து பழைய நம்தாவையே உருவிக்கொடுத்தார். வாங்கி விளிம்பை நக்கினேன். பாய் மிரண்டுபோனார்.

"இன்னாம்மா, பசியா?"

"உப்பு கரிக்குது பாய்."

"குதிரக்கி வேர்க்காதா? மூணு வருஷம் அது முதுகுல கெடந்துச்சு."

விஷயத்தைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார். போன மாதம் புது நம்தா வாங்கி அளவுக்கு வெட்டினாராம். வெட்டின ஓரத்துண்டு வைக்கோல் பரணில் கிடந்தது. அதையும் நக்கித்தான் வாங்கினேன். கம்பளி வாசனை, ஒரு சுவையும் இல்லை. உலகத்தில் இவ்வளவு ருசியான பொருளை நான் தின்றதில்லை.

நம்தாவுக்கும் மருந்துக்கும் நடுவில் வைக்க அட்டை வேண்டும். என் பழைய பூகோள அட்லஸின் அட்டை. உள்ளே ஆப்பிரிக்கா படமும் சேர்ந்து போய்விட்டது. இனி யாராவது சகாரா எங்கே என்று கேட்டால் தோட்டாவுக்குள் என்று சொல்ல வேண்டியதுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

கூட்டையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, புது மருந்து, நம்தா வட்டு. அட்டை ஓரத்தில் தேன்மெழுகு. நைனா இந்த முறை உடனே சுடச் சம்மதிக்கவில்லை. "அன்னிக்கு அவசரப்பட்டுத்தான் ஏமாந்தோம். ஒரு வாரம் மழைல கெடக்கட்டும். அப்புறம் பேசும்." அதே டின். அதே மூலை. ராத்திரிக்குத் தகரம் தட்டுகிற காவல்தான்.

இதுவும் புஸ்ஸென்றால்?

கேட்காதே பூரணி.

அக்டோபர் 17, வெள்ளி

இன்னும் ஒரு பாத்தி போச்சு.

அக்டோபர் 22, புதன். விஜயதசமி

நேற்று ஆயுத பூஜை. கலப்பை, மண்வெட்டி, அம்மாவின் அரிவாள்மணை, அண்ணனின் சைக்கிள், துப்பாக்கி, பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். உதவாத எந்திரத்துக்கும் வைத்தேன், அது மட்டும் ஏன் வருத்தப்பட வேண்டும். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் தொடலாம். மழை விடாமல் பெய்ததால் நேற்று ஒரு ராத்திரி பன்றி வராது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மழை விட்டது. மலைப் பக்கமிருந்து தகரச் சத்தம். பக்கத்துக் கொல்லை வேலு, வரப்பிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். "ண்ணா, எறங்கிடுச்சு. நெறைய. உன் கொல்லப் பக்கந்தான்."

நைனா எழுந்தார். துப்பாக்கியைப் பார்த்தார். நின்றார். பொட்டு வைத்து, பூ வைத்து, அது சாமியாக உட்கார்ந்திருந்தது. நைனா அப்படியெல்லாம் மீறுகிறவர் இல்லை. ஒரு தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

அம்மா கையைக் கழுவினாள். போய் ஒரு கற்பூரம் ஏற்றி, கும்பிட்டு, துப்பாக்கியை எடுத்து, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நைனாவிடம் நீட்டினாள்.

"போங்க."

"பங்கஜம், பூஜைல —"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். போங்க."

மருந்து வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொன்ன அம்மாதான் கொட்டகை அறைக்குப் போய் டின்னையும் எடுத்துவந்தாள்.

அப்புறம் காத்திருந்தோம். அண்ணன் கூடப் போனான். நானும் அம்மாவும் வாசலில். நான் ஏதாவது சொல்லி அம்மாவைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை. தவளைச் சத்தம். தகரம். தகரம் நின்றது.

மலை அதிர்ந்தது. எதிர் மலை அதைத் திருப்பிச் சொன்னது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

அம்மா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். "ரெண்டும் வெடிச்சுதா?" என்று கேட்டாள். காதால் கேட்டதையே என்னிடம் கேட்டாள்.

"ரெண்டும்மா."

பெரிய ஆண் பன்றி ஒன்று மேல் ஓரத்தில் விழுந்துவிட்டது. மற்றவை விழுந்தடித்து மலையேறிவிட்டன. காலையில் வேலுவும் மற்றவர்களும் வந்து கறி பிரித்துக்கொண்டு போனார்கள். நைனா காலிக் கூடு இரண்டையும் என்னிடம் கொடுத்தார். உள்ளே கறுப்பு, மருந்து வாசனை. பச்சை இல்லை.

தில்ஷாத் வந்தாள், கறி இருந்த பக்கம் திரும்பாமல் தெருவிலேயே நின்றாள். "நம்தா எங்களுது, பன்னி உங்களுது. சரியாப் பூட்ச்சி" என்றாள். அம்மா அவளுக்கு நேற்றுச் செய்த சுண்டலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

அக்டோபர் 30, வியாழன்

வந்தன. ஒரே ஒரு வெடி. போய்விட்டன. நைனா எட்டு மணிக்கெல்லாம் வந்து சூடாகச் சாப்பிட்டார்.

நவம்பர் 5, புதன்

மேட்டுக் கொல்லைக்காரர் ஒருவர் எங்களுக்கும் நிரப்பிக் கொடுங்கள் என்று வந்தார். லைசென்ஸ் எங்கள் கொல்லைக்கு மட்டும்தான், மற்றவருக்குக் கொடுத்தால் துப்பாக்கியே போய்விடும் என்று நைனா மறுத்துவிட்டார். ஆனால் அவரை உட்காரவைத்து நம்தா விஷயத்தை விலாவாரியாகச் சொன்னார். போகும்போது அவர் என்னைப் பார்த்து, "நக்கிப் பாத்துக் கண்டுபுடிச்சது இந்தப் பொண்ணா?" என்றார். நல்ல பேர்தான் கிடைத்திருக்கிறது எனக்கு.

நவம்பர் 16, ஞாயிறு

தீபாவளிக்குப் பட்டாசு வேண்டுமா என்று நைனா கேட்டபோது வேண்டாம் என்றேன். அண்ணன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். இந்த வருஷம் வெடிச்சத்தம் போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

ராஜகோபால் மாமா வரவில்லை. வேறொரு பேரமாம், மல்லாட்டை பிடுங்கின பிறகு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நவம்பர் 27, வியாழன்

மல்லாட்டை பிடுங்குகிறோம். இடுப்பு இல்லை. இருந்த இடம் மட்டும் வலிக்கிறது. மேல் ஓரத்துப் பாத்திகளில் ஒன்றும் இல்லை, ஆனால் நடுவிலும் கீழேயும் ஒரு செடியை இழுத்தால் கொத்துக் கொத்தாக வருகிறது. அம்மா ஒவ்வொரு கொத்தையும் உதறி மண்ணைத் தட்டிவிட்டுப் பார்க்கிறாள், தட்டிவிட்டுப் பார்க்கிறாள். இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் பொங்கலுக்குத்தான் முடியும் என்றேன். முடியட்டுமே என்றாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

மத்தியானம் ராஜகோபால் மாமா வந்தார். நாங்கள் வாசலில் பாய் விரித்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அம்மா பருத்த காயாக, இரண்டு பருப்புள்ளதாக, ஒன்றொன்றாகத் தனியே எடுத்து ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அதிலிருந்து ஒன்றை உடைத்து வாயில் போட்டேன். கையில் பட்டென்று ஒரு அடி.

"அது வெதைக்கு வெச்சதுடி."

மாமா அதைக் கேட்டார். சாக்கைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு நைனாவிடம், "அப்போ தோல் ஷெட்காரங்ககிட்ட நான் இன்னா சொல்றது பக்தவச்சலம்?" என்றார்.

நைனா காதோரம் செருகியிருந்த கோணி ஊசியை எடுத்துச் சணலைக் கோத்துக்கொண்டிருந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு நூலைத் துளையில் விடுவதிலேயே கவனம். விதைச் சாக்கு நிறைந்துவிட்டிருந்தது.

"இந்த வாயக் கொஞ்சம் புடிங்க மாமா," என்றார் நைனா, "தெச்சிடலாம்."

ராஜகோபால் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். சாக்கின் இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்தார். நைனா தைத்து முடிக்கிறவரை விடவில்லை.